நர்சிங் ஆசிரியர் வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு பக்கத்தில் ஒரு கல்லூரியில் டியூட்டராக (தொடக்கநிலை ஆசிரியர்) சேர்ந்துவிட்டு, அடுத்த வருடமே எம்.எஸ்சி.யும் போட்டுவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு இரண்டு இடத்தில் உதைக்கும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பி.எஸ்சி. தகுதியோடு டியூட்டராக வேண்டுமென்றால் ஓராண்டு அனுபவம் வேண்டும். எம்.எஸ்சி.யில் சேரவும், பிளஸ் டூ முடித்து நேரடியாக பி.எஸ்சி. படித்தவர்களுக்குப் பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டுப் பணி அனுபவம் கட்டாயம். ஆக, ஆசிரியர் வேலைக்கான முதல் படி வகுப்பறையில் இல்லை, வார்டில் இருக்கிறது. அந்த ஓராண்டை எங்கே, எந்தப் பதவிப் பெயரில், என்ன காகிதத்தோடு கழிக்கிறீர்கள் என்பதுதான் பின்னால் வரும் பத்துப் பதினைந்து வருடத்தைத் தீர்மானிக்கிறது.

படிக்கட்டு எப்படி இருக்கிறது

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எடுத்து 45 சதவீதம் வைத்திருந்தால் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40) நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் சேரலாம். தமிழ்நாட்டில் இதற்கு நீட் கிடையாது. அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு வழியாக நிரப்பப்படுகின்றன. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. மூன்று வருட ஜி.என்.எம்., அதன் மேல் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று வந்தால் அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அவர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு: எம்.எஸ்சி.க்குக் கேட்கும் ஓராண்டு அனுபவம் போஸ்ட் பேசிக்குக்கு முன்னாடி இருந்தாலும் செல்லும். ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) மட்டும் முடித்தவர்களுக்கு நேரடிப் பாதை இல்லை, ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. வழியாகத்தான் வர முடியும்.

எம்.எஸ்சி. இரண்டு வருடம். சேர, பி.எஸ்சி.யில் மொத்தமாக 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 50. இதைத் தெரியாமல் பி.எஸ்சி.யில் ‘பாஸானால் போதும்’ என்று ஓட்டியவர்கள் இங்கே வந்து முட்டிக்கொள்கிறார்கள். பாஸ் மார்க்கான 50-க்கும் 55-க்கும் இடையில் உள்ள அந்த ஐந்து மார்க், ஆசிரியர் ஆசை உள்ளவர்களுக்கு முதல் செமஸ்டரிலிருந்தே கணக்கு.

எம்.எஸ்சி.க்குப் பின் பதவிகள் வருடக் கணக்கில் ஏறும். மூன்று வருடக் கற்பித்தல் அனுபவத்தோடு உதவிப் பேராசிரியர். மொத்தம் எட்டு வருடம், அதில் ஐந்து வருடம் கற்பித்தல் என்றால் இணைப் பேராசிரியர். பன்னிரண்டு வருடம், அதில் கற்பித்தல் பத்து என்றால் துணை முதல்வர். பதினைந்து வருடத்தில் முதல்வர். பி.எச்டி. இருந்தால் நல்லது. இந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் சாட்சி ஒரு துண்டுக் காகிதம்: அனுபவச் சான்று. அது ஒன்று தொலைந்தாலும், தேதி பிசகினாலும் ஒரு படி கீழே நிற்க வேண்டியதுதான்.

பதிவு: இனிஷியலில் இருந்து தொடங்குங்கள்

படிப்பு முடிந்ததும் சென்னை சாந்தோமில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் செவிலியராகவும் தாதியாகவும் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாமல் செய்த வேலை எதுவும் அனுபவமாகக் கணக்கில் வராது. அதன் பிறகு தேசிய அளவிலான செவிலியர் பதிவேட்டில் தனி அடையாள எண் வாங்க வேண்டும். இதற்கு ஆதார் தேவை.

இங்கேதான் இழுபறி. பத்தாம் வகுப்புச் சான்றில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, கல்லூரிச் சான்றில் பெயருக்கு முன்னால் இனிஷியல் என்று மூன்று விதமாக இருக்கும். கல்யாணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருந்தால் நான்காவது. பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து, ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் அதற்கு இணங்க மாற்றிவிட்டு, பிறகு பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பதிவுச் சான்றில் ஒரு தடவை தப்பாக ஏறிவிட்டால் அதைத் திருத்த அலைவது தனி வேலை.

பதிவை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர் கல்வி காட்ட வேண்டும், வருடத்துக்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கருத்தரங்குச் சான்றுகளில் மணி நேரமும், குழுமம் அங்கீகரித்த குறிப்பும் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். எம்.எஸ்சி. முடித்ததும் அதையும் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய மறந்துவிடாதீர்கள்.

வார்டில் ஒரு வருடம்

தருமபுரியில் 2008-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழி. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அவ்வப்போது ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கும், அந்த அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்தில் வரும். தனியார் என்றால் ஓசூரிலும், அங்கிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூரிலும் பெரிய மருத்துவமனைகள் உண்டு.

ஆசிரியராகப் போகிறவர் ஒரே வார்டில் முழு வருடமும் கிடப்பது நல்லதல்ல. பொது மருத்துவம், அறுவை, பிரசவ அறை, தீவிர சிகிச்சை என்று மாற்றிக் கேளுங்கள். பிரசவம் பார்க்காத ஆசிரியர் பார்ட்டோகிராஃப் (பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடம்) நடத்தும்போது, மூன்றாம் வருட மாணவிக்கு அது உடனே தெரிந்துவிடும். செய்த சிகிச்சை முறைகளை மாணவப் பருவ லாக்புக் (செய்த பணிகளின் பதிவேடு) மாதிரியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நோயாளி பெயர் இல்லாமல். எந்த நோய், என்ன செய்தோம், எங்கே சிக்கியது என்று மூன்றே வரி. பின்னால் வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு எல்லாம் அங்கிருந்துதான் வரப்போகிறது.

வேலையை விடும்போது வாங்கும் அனுபவச் சான்றில் இவை இருக்க வேண்டும்: பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வேலை பார்த்த பிரிவுகள், மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், முத்திரை. சம்பளம் வங்கி வழியாக வந்ததற்கான பதிவும் பி.எஃப். எண்ணும் இருந்தால் அந்தச் சான்றை யாரும் சந்தேகப்பட முடியாது. பணி விடுவிப்பு ஆணையைத் தனியாக வாங்குங்கள். பழைய இடத்து விடுவிப்பும் புது இடத்துச் சேர்க்கையும் ஒரே நாளில் மோதினால் ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்ரண்டிஸ் என்ற பெயரில் வருபவை

‘படித்துக்கொண்டே சம்பளம், கடைசியில் நர்சிங் டிகிரி’ என்று விளம்பரம் வந்தால் நிதானியுங்கள். பட்டப் படிப்போடு அப்ரண்டிஸ்ஷிப்பை (உதவித்தொகையோடு வேலை பழகுவது) இணைக்கும் திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்திருப்பது உண்மைதான். ஆனால் நர்சிங் பட்டத்தின் பாடத்திட்டத்தை வகுப்பது நர்சிங் கவுன்சில். 2021-ல் திருத்திய பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டரில் 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம் இன்டர்ன்ஷிப் உண்டு. அது படிப்பின் பகுதி. வேலை நியமனம் அல்ல, பட்டத்துக்குப் பிந்தைய அனுபவமாகவும் சேராது.

பட்டம் முடித்தவர்களை ஒரு வருடம் உதவித்தொகையோடு பயிற்சியில் வைக்கும் தேசிய அப்ரண்டிஸ் திட்டம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. கதிரியக்கம், டயாலிசிஸ், அறுவை அரங்கு போன்ற துணை மருத்துவப் பட்டதாரிகளுக்கு இது ஒரு நல்ல நுழைவாயில். நர்சிங் ஆசிரியர் கனவு உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்: சான்றில் ‘அப்ரண்டிஸ்’ அல்லது ‘பயிற்சியாளர்’ என்று எழுதியிருந்தால், அதைப் பணி அனுபவமாக எடுப்பதில் கேள்வி எழும். ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்ற நியமனக் கடிதம் கிடைக்கிறது என்றால் உதவித்தொகையைவிடச் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

இங்கிலாந்தில் ‘டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்’ என்று நர்சிங்குக்கே ஒரு முறை உண்டு. மருத்துவமனை ஆளை வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, பல்கலைக்கழகத்தில் படிக்கவும் வைக்கிறது. அது அங்கே ஏற்கெனவே குடியிருந்து வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்கானது. பென்னாகரத்திலிருந்தோ தளியிலிருந்தோ விண்ணப்பம் போட்டுச் சேர்கிற படிப்பல்ல. அதற்கு ஏஜென்ட் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இங்கே பதிவு பெற்ற செவிலியருக்கு அந்த நாட்டில் வேறு வழி இருக்கிறது: ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போய் செய்முறைத் தேர்வு.

எம்.எஸ்சி.: எந்தப் பாடம், எந்த ஊர்

ஐந்து பிரிவுகள்: மருத்துவ அறுவை, குழந்தை நலம், மகப்பேறு, சமுதாய நலம், மனநலம். மருத்துவ அறுவைப் பிரிவுக்குக் கல்லூரிகளில் பணியிடம் அதிகம், போட்டியும் அதிகம். மனநலத்துக்குப் படிக்க வருபவர்கள் குறைவு. ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் அந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும். நம் இரண்டு மாவட்டத்திலேயே இருந்து வேலை பார்க்க நினைப்பவருக்கு மகப்பேறும் சமுதாய நலமும் கைகொடுக்கும். இளவயதுத் திருமணம், மலைக் கிராமப் பிரசவங்கள், ஃபுளோரைடு தண்ணீர் என்று களமே பாடமாக இருக்கிற ஊர் இது. தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் என்றொரு எம்.எஸ்சி.யும் உண்டு, படுக்கையருகே இருக்கவே பிடிக்கிறவர்களுக்கு அது பொருந்தும்.

ஓசூர்ப் பக்கத்து ஆட்கள் இயல்பாகவே பெங்களூர்க் கல்லூரிகளைப் பார்ப்பார்கள். தப்பில்லை. ஆனால் சேருமுன் மூன்றைச் சரிபாருங்கள். அந்தக் கல்லூரியும் அந்த எம்.எஸ்சி. பிரிவும், நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா? ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா? இடங்கள் எத்தனை? பி.எஸ்சி.யையே கர்நாடகத்தில் முடித்தவர்கள் அங்கத்திய கவுன்சிலில் பதிவு செய்து, தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டுக் குழுமத்தில் மாற்றுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

‘காலேஜுக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்’ என்று சொல்லும் இடத்தில் எம்.எஸ்சி. சேராதீர்கள். ஒரே காலத்தில் கிருஷ்ணகிரி மருத்துவமனையில் முழுநேர டியூட்டி, பெங்களூரில் முழுநேரப் படிப்பு என்று இரண்டு காகிதம் இருந்தால் பின்னால் இரண்டுமே செல்லாமல் போகும்.

நேர்காணலில் டெமோ வகுப்பு

பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுப்பார்கள். பெரிய தலைப்பை எடுத்து ஸ்லைடைப் பார்த்து வாசிப்பதுதான் வழக்கமான சறுக்கல். ‘சர்க்கரை நோய்’ என்று எடுத்தால் பதினைந்து நிமிடத்தில் வரையறையே முடியாது. சின்னதாக, கையால் செய்து காட்டும்படியாக ஒன்றை எடுங்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது என்று வைத்துக்கொள்வோம்.

லெசன் பிளானில் ஆறு கட்டம்: நேரம், குறிக்கோள், பாடப்பொருள், கற்பித்தல் முறை, துணைக்கருவி, மதிப்பீடு. குறிக்கோளில் ‘தெரிந்துகொள்வர்’, ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதினால் மதிப்பீட்டுக் கட்டத்தில் எழுத எதுவும் இருக்காது, ஏனென்றால் அவற்றை அளக்க முடியாது. ‘சரியான அளவு கஃப்பை (கையில் சுற்றும் பட்டை) தேர்ந்தெடுப்பர்’, ‘தொட்டறியும் முறையில் சிஸ்டாலிக் அளவைச் சொல்வர்’ என்று கண்ணால் பார்க்கக்கூடியதாக எழுதுங்கள். மூன்று குறிக்கோள் போதும்.

முதல் நிமிடம் ஏன் என்பதற்கு. அடுத்த இரண்டு கருவிக்கு. கஃப்பின் உள்ளே இருக்கும் காற்றுப்பை, கையின் சுற்றளவில் 80 சதவீத நீளமும் 40 சதவீத அகலமும் இருக்க வேண்டும். சின்ன கஃப் போட்டால் அளவு கூடிக் காட்டும். இதைச் சொல்லும்போதே இரண்டு கஃப்பைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்த ஆறு நிமிடம் செய்முறை. ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்திருந்த நோயாளி, முதுகுக்குச் சாய்மானம், கால் மேல் கால் போடாமல், கை இதய மட்டத்தில். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் மேலே. முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, நாடி மறையும் அளவைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விடுங்கள். ஸ்டெத்தை வைத்து, மறுபடி அந்த அளவுக்கு மேல் 30 மி.மீ. பாதரசம் ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. என்ற வேகத்தில் இறக்குங்கள். முதல் சத்தம் சிஸ்டாலிக் (மேல் அளவு), சத்தம் மறைவது டயஸ்டாலிக் (கீழ் அளவு). தொட்டறியும் படியை ஏன் விடக்கூடாது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்: சிலருக்கு இடையில் சத்தம் கொஞ்ச தூரம் காணாமல் போய்த் திரும்ப வரும். நேரடியாக ஸ்டெத்தை வைத்தால் திரும்ப வந்த சத்தத்தை முதல் சத்தம் என்று எடுத்து, 180 உள்ளவருக்கு 140 என்று எழுதிவிடுவார்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் தலையாட்டுவது இந்த இடத்தில்தான்.

அடுத்த நான்கு நிமிடம், வகுப்பில் ஒருவரைக் கூப்பிட்டுச் செய்ய வையுங்கள். ஸ்டெத்தின் தலையைக் கஃப்புக்குள் செருகுவது, ஸ்டெத்தின் காதுமுனையைத் திருப்பி மாட்டுவது, வால்வைச் சட்டென்று திறந்துவிடுவது என்று தப்புகள் வரிசையாக வரும். உடனே கையைப் பிடித்துத் திருத்தாமல், முடியவிட்டுக் கேள்வியாகக் கேளுங்கள். மீதி இரண்டு நிமிடம் கேள்விக்கு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது

பி.எஸ்சி. நடத்தும் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனையும், ஒரு மாணவருக்கு மூன்று நோயாளி என்ற விகிதமும் கவுன்சில் எதிர்பார்ப்பவை. காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனைக்குப் போய் வெளிநோயாளிப் பிரிவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். கட்டில் இருந்து ஆள் இல்லையென்றால், நீங்கள் மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போஸ்டிங்குக்கு (நோயாளிகளோடு செய்யும் பயிற்சிக்கு) அலையப் போகிறீர்கள் என்று அர்த்தம். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் காகிதத்தில் மட்டுமா, நிஜத்திலா என்பதை அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் டியூட்டரிடம் கேளுங்கள். முதல்வரிடம் கேட்டுப் பயனில்லை.

ஒரிஜினல் சான்றிதழ்களை அலுவலகத்தில் ‘பத்திரமாக’ வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். கொடுக்காதீர்கள். காட்டலாம், சரிபார்க்க விடலாம், அன்றே வாங்கி வந்துவிடுங்கள். ஆய்வு நாளுக்கு மட்டும் வந்து கையெழுத்துப் போட்டால் பணம் தருகிறோம் என்ற பேச்சுக்கும் இதே பதில். உங்கள் பதிவு எண் இரண்டு கல்லூரிப் பட்டியலில் ஒரே வருடம் வந்தால், இரண்டாவது கல்லூரியோடு சேர்ந்து உங்கள் பெயரும் கெடும்.

அரசுப் பக்கம்: 2014-க்குப் பின் தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 நர்சிங் கல்லூரிகள் என்று 2023 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள், தமிழ்நாட்டுக்கு 11. அரசுப் பணியில் ஏற்கெனவே செவிலியராக இருப்பவர்கள் உயர் படிப்பை முறைப்படி அனுமதி வாங்கிப் படித்து, பணிப்பதிவேட்டில் ஏற்றி வைத்திருந்தால்தான் கற்பித்தல் பக்கம் போகும் வாய்ப்பு வரும்போது பெயர் வரிசையில் இருக்கும்.

முதல் வருடம் வேலைக்குப் போனபின்

வகுப்பு ஆங்கிலத்தில், தேர்வும் ஆங்கிலத்தில். உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். கருத்தைத் தமிழில் விளக்குங்கள். கலைச்சொல்லையும் நர்ஸ் குறிப்பையும் மட்டும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் எழுத வையுங்கள். முழுக்க ஆங்கிலத்தில் நடத்தினால் மனப்பாடம் செய்வார்கள். முழுக்கத் தமிழில் நடத்தினால் பரீட்சைத் தாளில் வெறும் இடம் இருக்கும். தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளிப் பக்கம் சமுதாயப் போஸ்டிங் என்றால் தெலுங்கு, கன்னடம் பேசத் தெரிந்த ஒரு மாணவியை ஒவ்வொரு குழுவிலும் போடுங்கள். இல்லாவிட்டால் குடும்ப விவரப் படிவம் பாதி ஊகத்தில் நிரம்பும்.

சமுதாய நலப் பாடத்துக்கு எடுத்துக்காட்டை வெளியூரில் தேட வேண்டாம். ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் பல்லில் பழுப்புக் கறை உள்ளவர்களை மாணவர்களே சொந்த ஊரில் பார்த்திருப்பார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்க அளவு, மாற்று நீராதாரம் இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏன் வந்தது என்பதோடு சேர்த்துச் சொன்னால் அந்தப் பாடத்தை மறக்க மாட்டார்கள். வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தப் பணியாளர்களோடு ஒரு நாள் மாணவர்களை அனுப்பினால் தொற்றா நோய்ப் பாடத்துக்கு இரண்டு வகுப்பு மிச்சம்.

வார்டு மேற்பார்வையில் புது டியூட்டர்கள் செய்யும் வழக்கமான தப்பு, நர்ஸ் நிலையத்தில் உட்கார்ந்து லாக்புக்கில் கையெழுத்துப் போடுவது. மருந்து கொடுக்கும் நேரம், காலை ஏழரை முதல் ஒன்பது வரை, மாணவர் பக்கத்தில் நில்லுங்கள்; தவறு நடப்பது அந்த நேரத்தில்தான். கையெழுத்து அன்றே, செயலைக் கண்ணால் பார்த்தபின். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகப் போடுகிற லாக்புக்கில் எல்லாத் தேதிக்கும் ஒரே பேனா மை இருக்கும், வெளித்தேர்வாளர் அதைத்தான் முதலில் புரட்டுவார்.

இன்டர்னல் மதிப்பெண்ணை மாதாமாதம் போட்டு மாணவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். செய்முறைத் தேர்வில் ஒரு நாளைக்கு 20 பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. 60 பேர் வகுப்பென்றால் மூன்று நாள் ஆய்வகமும், வார்டு அனுமதியும், நோயாளி ஒதுக்கீடும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். எம்.எஸ்சி.யும் மூன்று வருடக் கற்பித்தலும் முடிந்து உதவிப் பேராசிரியர் ஆனதும் நீங்களே வெளித்தேர்வாளராகப் போகலாம். அந்த முதல் நியமனக் கடிதத்தின் நகலையும் அதே கோப்பில் போடுங்கள். இணைப் பேராசிரியர் நேர்காணலில் கேட்பார்கள்.